குளிர் ஊரில் பூசணி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

பூசணிக்கொடி வெயிலில் வளர்ந்து பழகியது. மெக்சிகோவில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட செடியை, கோடையிலும் ராத்திரிக்குப் போர்வை தேடும் ஊரில் கொண்டுவந்து நட்டுவிட்டு, ஏன் முளைக்கவில்லை, ஏன் காய்க்கவில்லை என்று கேட்டால் அது என்ன சொல்லும்? குளிருது என்றுதான் சொல்லும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு வேஷத்தில் சொல்லும். ஒருநாள் இலை வெளுக்கும், இன்னொரு நாள் பிஞ்சு வெம்பும், வேறொரு நாள் பார்க்க அசல் நோய் மாதிரியே இருக்கும். நாமும் மருந்தைத் தேடி ஓடுவோம்.

அதனால் எந்த அறிகுறியானாலும், கீழே உரிய பகுதிக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். மண் எத்தனை டிகிரி? முதல் உறைபனிக்கு இன்னும் எத்தனை நாள்? முதல் கேள்விக்கு ஒரு மண் வெப்பமானி வேண்டும். சமையலறையில் கம்பி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரே போதும். இரண்டாவதற்கு ஒரு காலண்டர். இரவில் பார்க்க ஒரு டார்ச். கருவிகள் அவ்வளவுதான்.

பூசணி என்று இங்கே சொல்வதில் சுக்கினி, பரங்கி, பட்டர்நட், ஏகார்ன், பட்டர்கப் எல்லாம் அடக்கம். வெண்பூசணி வேறு பேரினம். அதற்கு இதைவிட அதிக வெயில் வேண்டும், இங்கே அதைச் சேர்க்கவில்லை.

விதை போட்டுப் பத்து நாள் ஆச்சு, முளை வரவில்லை

விரலால் மெதுவாகத் தோண்டி ஒரு விதையை எடுத்துப் பாருங்கள். ஊகத்தில் மறுபடியும் விதை போடாதீர்கள். முதல் விதைக்கு என்ன நேர்ந்ததோ அதுதான் இரண்டாவதற்கும் நேரும்.

விதை உப்பி, கூழாகி, நாற்றமடித்தால் அழுகிவிட்டது. காரணம் குளிர்ந்த, ஈரமான மண். பூசணி விதைக்கு மண் குறைந்தது 15 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். 25க்கு மேல் போனால்தான் அது மகிழ்ச்சியாக ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். 15ஐ ஒட்டி இருந்தால் முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம், அதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். இதில் நம்மை ஏமாற்றுவது காற்று. பகலில் 22 டிகிரி வெயில் அடிக்கிறதே என்று விதைத்துவிடுவோம். மண்ணோ இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கும். காலையில், 5 செ.மீ. ஆழத்தில், நான்கைந்து நாள் தொடர்ந்து அளந்து பாருங்கள். ஒரு நாள் மட்டும் மதியம் அளந்தால் அது பொய் சொல்லும்.

விதை போட்டபடியே கெட்டியாக இருந்தால் ஒன்றும் கெடவில்லை. ஈரம் போதவில்லை, அல்லது சூடு போதவில்லை. ஈரத்தைச் சரிசெய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

விதையே இல்லை, வெறும் தோல்தான் கிடக்கிறது என்றால் எலி. மறுமுறை மேலே கம்பிவலையைப் பதித்து வையுங்கள்.

முளை வந்தும் விதைத்தோல் தொப்பி மாதிரி விதையிலைகளில் மாட்டிக்கொண்டிருந்தால், மேலாக விதைத்திருக்கிறீர்கள் அல்லது மேல்மண் காய்ந்திருக்கிறது. தோலை நனைத்து, ஊறியபின் மெல்லக் கழற்றுங்கள். 2 முதல் 2.5 செ.மீ. ஆழம் சரியான ஆழம்.

விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சூடான மண்ணில் அது உதவலாம்; குளிர்ந்த மண்ணில் ஊறிய விதையைப் போடுவது அழுகலுக்கு விருந்து வைப்பது.

நிரந்தரத் தீர்வு வீட்டுக்குள் தொட்டியில் முளைக்கவிடுவதுதான். கடைசி உறைபனித் தேதிக்கு மூன்று வாரம் முன்னால், 9 அல்லது 10 செ.மீ. தொட்டியில், ஒன்றுக்கு ஒரு விதை. மூன்று வாரம் போதும். ஆசைப்பட்டு ஆறு வாரம் முன்னால் தொடங்கினால் தொட்டிக்குள் வேர் சுருண்டுகொள்ளும், வெளியே நட்டபின் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு நிற்கும். பூசணி தன் வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும் சாதி.

இதற்கிடையே பாத்தியையும் சூடாக்கலாம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கறுப்பு பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். நிறமில்லாத தாள் இன்னும் அதிகம் சூடாக்கும். ஆனால் அதன் அடியில் களைகளும் குஷியாக வளரும். வைக்கோல் மூடாக்கை மட்டும் இப்போது போடாதீர்கள். அது மண்ணிலிருக்கும் குளிரை அப்படியே பொத்தி வைக்கும். கோடை நிலைபெற்ற பிறகு போடலாம்.

நட்ட நாற்று அப்படியே நிற்கிறது

மூன்று வாரமாக ஒரே உயரம், அதே இரண்டு இலை. இதுதான் குளிர் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி. இலையின் நிறத்தை வைத்துப் பிரிப்போம்.

இலையில் காகிதம் மாதிரி வெளுத்த திட்டுகள் இருந்தால் அது வெயிலும் காற்றும் சுட்டது. வீட்டுக்குள் சொகுசாக வளர்ந்ததை நேராக வெளியே வைத்துவிட்டீர்கள். ஏழு முதல் பத்து நாள், முதலில் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வெளிக்காற்றைப் பழக்க வேண்டும். சுட்ட இலை தேறாது. நடுவிலிருந்து வரும் புது இலை பச்சையாக இருந்தால் செடி பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இலையின் அடிப்புறமோ நரம்போ ஊதாவாகத் தெரிந்தால், மண்ணில் மணிச்சத்து இல்லை என்று உரக்கடைக்கு ஓடவேண்டாம். சத்து பெரும்பாலும் இருக்கும். குளிர்ந்த மண்ணில் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. மண் சூடானதும் தானாகச் சரியாகும்.

மொத்தச் செடியும் வெளிர் மஞ்சளாக நின்றால், இரவு வெப்பநிலையைப் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூசணிக்குக் குளிர்க்காயம் படும். உறைபனி இல்லாமலே வளர்ச்சி நின்றுபோகும். நாற்றின் மேல் அடி வெட்டிய பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து, பகலில் மூடியைத் திறந்துவிட்டு, மாலையில் மூடுங்கள். செடி அதற்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டால், வளைகம்பி நட்டு மேலே தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய வெள்ளைப் பாதுகாப்புத் துணியைப் போடலாம். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் கிடைக்கும். பூசணிக்கு அந்த இரண்டு டிகிரிதான் எல்லாம்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு, வளராமல் நின்ற நாற்றுக்குப் பசிக்கிறது போலும் என்று மூன்று தடவை தழைச்சத்து உரம் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வெயில் வந்தது. மண்ணில் சேர்ந்திருந்த அத்தனை உரத்தையும் கொடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இலைக்காடாகப் படர்ந்தது. குடை குடையாக இலை. காய் ஒன்றுதான். நிற்கும் நாற்றுக்கு வேண்டியது சூடும் பொறுமையும். உரம் அது வளரத் தொடங்கிய பிறகு.

காலையில் பார்த்தால் நாற்றையே காணோம்

தண்டு தரைமட்டத்தில் கத்தியால் அறுத்தது மாதிரி விழுந்துகிடந்தால் வெட்டுப்புழு. சுற்றிலும் மண்ணைக் கிளறுங்கள், சாம்பல் நிறத்தில் சுருண்டு படுத்திருக்கும். அட்டைச் சுருள் ஒன்றைத் தண்டைச் சுற்றி 2, 3 செ.மீ. புதையும்படி வைத்தால் அடுத்த நாற்று தப்பும்.

இலை ஓட்டை ஓட்டையாகி, பளபளவென்று கோழைத்தடம் இருந்தால் ஓடில்லா நத்தை. குளிரும் ஈரமும் சேர்ந்த தோட்டத்தில் பூசணி நாற்றுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பொறுக்குவது அருவருப்பான வேலைதான், ஆனால் நிச்சயமாகப் பலன் தரும். இரும்பு பாஸ்பேட் குருணையும் பயன்படும். நாற்று நான்கைந்து பெரிய இலை விட்டபின் நத்தை தின்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

பூக்கிறது, ஆனால் காய் இல்லை

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே புகாருக்கு ஐந்தாறு காரணம் இருக்கிறது. முதலில் பூவைக் கவனியுங்கள். ஆண்பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். பெண்பூவுக்கு அடியில் அந்த ரகத்துக் காயின் வடிவத்திலேயே குட்டிப் பிஞ்சு இருக்கும். ஒரு காகிதத்தில் ஒரு வாரத்துக்கு இரண்டையும் எண்ணி எழுதிவாருங்கள்.

எல்லாமே ஆண்பூதானா? காத்திருங்கள். பெரும்பாலான கொடிகள் முதலில் ஆண்பூக்களைத்தான் விடும், ஓரிரு வாரம் கழித்துப் பெண்பூ வரும். ஒரு மாதமாகியும் வரவில்லை, இலை மட்டும் கரும்பச்சையில் கொழிக்கிறது என்றால் தழைச்சத்து கூடிப்போய்விட்டது. உரத்தை நிறுத்துங்கள்.

எல்லாமே பெண்பூவா? குளிர் ஊரில் இதுவும் நடக்கும். வெப்பமும் நீண்ட பகலும் ஆண்பூவைக் கூட்டும். குளிர்ச்சி பெண்பூவைக் கூட்டும். குளிரான தொடக்கத்தில் சுக்கினியில் பெண்பூக்கள் முந்திக்கொண்டு, அருகே ஒரு ஆண்பூகூட இல்லாமல், பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பி விழும். செடியின் மேல் குற்றமில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆண்பூ பூத்திருந்தால் கேட்டு வாங்கலாம். சுக்கினியும் ஏகார்னும் ஒரே இனம் என்பதால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்கு ஆகும். பட்டர்நட் வேறு இனம், பட்டர்கப் இன்னொரு இனம். அவற்றுக்குச் சுக்கினிப் பூவை நம்பமுடியாது. வேற்று ரகத்தின் மகரந்தம் பட்டால் இந்த ஆண்டுக் காயின் ருசி மாறிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். மாறாது. விதைக்குள்தான் கலப்பு.

இரண்டும் இருக்கிறது, ஆனாலும் பிஞ்சு பூப்பக்கத்திலிருந்து மஞ்சளாகிச் சுருங்குகிறதா? மகரந்தம் சேரவில்லை. முதலில் ஒன்று: பாதுகாப்புத் துணி இன்னும் மேலே கிடக்கிறதா? சிரிக்காதீர்கள், நிறைய பேர் எடுக்க மறந்துவிடுகிறார்கள். பூ வந்ததும் பகலில் திறந்துவிட வேண்டும், தேனீ உள்ளே வருவதற்கு. துணி இல்லை என்றால் வானிலை. குளிரிலும் மழையிலும் தேனீ கூட்டை விட்டு வெளியே வருவதில்லை. வண்டுபோல் உருண்டு ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீ இன்னும் கொஞ்சம் குளிரைத் தாங்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து, முற்பகல் முடிவதற்குள் கூம்பிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலைதான். அந்தக் காலையில் மழை பெய்தால் கதை முடிந்தது.

எனவே கையால் சேர்த்துவிடுங்கள். முந்தைய நாள் மாலை கொடியைச் சுற்றிப் பாருங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டு நுனியில் மஞ்சள் ஏறி, கூராக நிற்கும். மழை வரும்போல் இருந்தால் ஆண் மொட்டு இரண்டு, பெண் மொட்டு ஒன்று என்று நுனியை நூலால் தளரக் கட்டிவிடுங்கள். உள்ளே மகரந்தம் நனையாது. காலையில், எட்டு ஒன்பது மணிக்குள், ஆண்பூவைக் காம்போடு பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுக்கம்பை விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் வேறு பூ பாருங்கள். அதைப் பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியின் மடல்கள் அத்தனையிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் ஒருபக்கம் வீங்கி, மறுபக்கம் சூம்பி வளரும். கோணல் காய் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், நோய் அல்ல. பிறகு பெண்பூவை மறுபடி நூலால் கட்டிவிட்டு, காம்பில் தேதி எழுதிய சீட்டு ஒன்றை மாட்டுங்கள். அந்தத் தேதி கடைசியில் தேவைப்படும்.

இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தலைகுனிந்து பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது.

கொடியில் ஏற்கெனவே மூன்று நான்கு காய் பெரிதாகிக்கொண்டிருக்க, புதுப் பிஞ்சு மட்டும் விழுகிறதா? அது கணக்குப் பார்த்து உதிர்க்கிறது. தாங்க முடிகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் பூக்கும் காலத்தில் மழைதான் என்றால், மகரந்தமே இல்லாமல் காய்க்கும் சுக்கினி ரகங்கள் இருக்கின்றன. பார்த்தினான் அவற்றில் ஒன்று. குளிர்கால வகைப் பூசணியில், அதாவது பட்டர்நட், ஏகார்ன், பட்டர்கப் மாதிரி முற்றவிட்டுப் பறித்துச் சேமித்துவைக்கும் வகையில், இந்த வசதியை நம்ப முடியாது.

பிஞ்சின் நுனி அழுகுகிறது

கட்டைவிரல் அளவுப் பிஞ்சு மஞ்சளாகி அழுகினால் அது மேலே சொன்ன மகரந்தக் குறைதான். அழுகல் பின்னால் வந்தது.

வாடிய பூ ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்தால் சாம்பல் பூஞ்சணம். குளிரும் ஈரமும் இருந்தால் வராமல் இருக்காது. காய் பிடித்த நாலைந்து நாளில் வாடிய பூவைக் கையால் திருகி எடுத்துவிடுவது நல்ல பழக்கம். காய்க்கு அடியில் ஒரு பலகைத் துண்டையோ ஓட்டுத் துண்டையோ வைத்து ஈரமண்ணிலிருந்து தூக்கிவிடுங்கள்.

நன்றாகப் பருத்த காயின் நுனியில் கறுத்து, குழிந்து, தோல் பதனிட்டது மாதிரித் திட்டு வந்தால் அது நுனி அழுகல். சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச்சேரவில்லை. மண்ணில் சுண்ணாம்பு இல்லாததால் அல்ல, தண்ணீர் ஏறியும் இறங்கியும் கிடைப்பதால். ஒருவாரம் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக விடுவதை நிறுத்தினால் அடுத்த காய்கள் சரியாக வரும். வாரத்துக்கு மழையோடு சேர்த்து 25 மி.மீ. அளவு தண்ணீர் போதும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் அது மக்கிச் சத்தாவதற்குள் இந்தப் பருவமே முடிந்துவிடும்.

இலையில் வெள்ளை

விரலால் தேயுங்கள். தேய்த்தும் போகவில்லை, நரம்புகளின் கோணங்களில் வெள்ளிபோல் அழகாகப் படிந்திருக்கிறது, எல்லா இலையிலும் ஒரே தினுசில் இருக்கிறது என்றால் அது அந்த ரகத்தின் இயல்பு. சுக்கினியில் சகஜம். இதை நோயென்று நினைத்து நல்ல இலைகளைக் கிள்ளிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

தேய்த்தால் மாவுபோல் வருகிறது, வட்டவட்டமாகத் தொடங்கிப் பரவுகிறது என்றால் சாம்பல் நோய். மற்ற பூஞ்சைகளைப்போல் இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. பகல் வறண்டு, இரவு குளிர்ந்து, காற்றில் ஈரம் இருந்தால் போதும். அதாவது கோடை முடியும் தறுவாய்.

இங்கேதான் காலண்டர் வேண்டும். காய்கள் முற்றுவதற்கு இரண்டே வாரம் பாக்கி என்றால் ஒன்றும் செய்யவேண்டாம். கொடி எப்படியும் போகப்போகிறது. ஒன்றரை மாதம் பாக்கி இருக்கிறது என்றால் போராட வேண்டும், ஏனென்றால் காயின் இனிப்பு இலையில்தான் தயாராகிறது. அதிகம் பாதித்த அடி இலைகளை மட்டும் வெட்டுங்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் உள்ள காலையில், வாரத்துக்கு ஒருமுறை இலையின் இருபுறமும் தெளியுங்கள். இது பாட்டி வைத்தியமாகத் தோன்றலாம்; 1999இல் பிரேசிலில் சுக்கினியில் சோதித்துப் பலன் கண்டு வெளியிட்டிருக்கிறார்கள். நோய் தொடங்கும்போதே அடித்தால்தான் உபயோகம், இலை முழுக்க வெளுத்தபின் பால் வீண். பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலும் வேலை செய்யும். கந்தகத்தைப் பூசணியில் கவனமாகப் பயன்படுத்த வேண்டும், வெயில் ஏறிய நாளில் அடித்தால் இலை கருகும்.

இலையின் மேல்புறம் நரம்புக்குள் அடைபட்ட மஞ்சள் கட்டங்கள், அடிப்புறம் சாம்பல்-ஊதாப் பூஞ்சணம் என்றால் அது அடிச்சாம்பல் நோய். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இது வேறு ஆள், ஈரத்தில் வளர்வது. மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், பாதித்த இலைகளை உடனே அகற்றுங்கள்.

நடுப்பகலில் கொடி துவண்டு தொங்குகிறது

மாலை ஆறு மணிக்கு மறுபடி பாருங்கள். நிமிர்ந்திருந்தால் கவலை இல்லை. அவ்வளவு பெரிய இலை, வேர் கொடுப்பதைவிட வேகமாக ஈரத்தை இழக்கிறது. ஒரு வாரம் மேகமூட்டத்துக்குப் பிறகு திடீரென்று வெயில் அடித்தால், மண் இன்னும் சில்லென்று இருக்கும்போது, இப்படி மயங்கும். மதியம் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மாலையிலும் நிமிரவில்லை என்றால் 5 செ.மீ. ஆழத்துக்கு விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. இந்த ஆண்டு வடிகால் வெட்டுங்கள், அடுத்த ஆண்டு மேட்டுப்பாத்தி போடுங்கள்.

ஈரம் சரியாக இருந்தும் துவண்டால் தண்டின் அடியைப் பாருங்கள். ஒரு துளையும் மரத்தூள் மாதிரிக் கழிவும் இருந்தால் தண்டுத் துளைப்பான். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இது பெரிய தலைவலி. தண்டை நீளவாக்கில் கீறி, புழுவை எடுத்துவிட்டு, கீறிய இடத்தையும் அடுத்த கணுவையும் ஈரமண்ணால் மூடினால் அங்கே புது வேர் விடும். பட்டர்நட்டின் தண்டு கெட்டியாக இருப்பதால் அதை அதிகம் தொடாது.

துளையும் இல்லையா? ஒரு கிளைத் தண்டை அறுத்து, அறுத்த முகங்களை ஒட்டவைத்து மெதுவாகப் பிரியுங்கள். பசை நூல்போல் இழுபட்டால் பாக்டீரியா வாடல். வைத்தியம் இல்லை, பிடுங்கிவிடுங்கள்.

புது இலை சுருங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக, கொப்புளம் மாதிரி

தேமல் நோய். வைரஸ். அசுவினிகள் கொண்டுவருவது. காயும் முண்டும் முடிச்சுமாக வரும். மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்றதைக் காப்பாற்றும் வழி. அந்தச் செடியை வெட்டிய கத்தியையும் கழுவுங்கள்.

காய் கசக்கிறது

துப்பிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் இந்த ஒரு இடத்தில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. கசப்பு குக்கர்பிடாசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைக் கசப்போடு சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். பெரும்பாலும் சொந்தமாக எடுத்துவைத்த விதையில்தான் இது வரும்: போன ஆண்டு அருகில் இருந்த அலங்காரப் பூசணியின் மகரந்தம் கலந்திருக்கும். குப்பைக்குழியில் தானாக முளைத்த கொடிக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு காய் கசந்தால் அந்தச் செடியையே எடுத்துவிடுங்கள், விதையையும் சேர்த்து.

உறைபனி வரப்போகிறது, காய் இன்னும் பச்சை

குளிர் ஊர்த் தோட்டக்காரரின் ஆண்டு முடிவு பெரும்பாலும் இப்படித்தான். இந்த நேரத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்; இரண்டு மாதம் முன்பே செய்திருக்க வேண்டியதுதான் அதிகம். இரண்டையும் சொல்கிறேன்.

பூ பிடித்த நாளிலிருந்து குளிர்கால வகைக் காய் முற்ற ஏறக்குறைய 50 முதல் 60 நாள் ஆகும். முதல் உறைபனித் தேதியிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பிடிக்கும் எந்தப் பிஞ்சும் முற்றாது. எனவே அன்றைக்கே எல்லாக் கொடிகளின் நுனியையும் கிள்ளிவிட்டு, செடிக்கு இரண்டு மூன்று காய் மட்டும் வைத்து, அப்புறம் வரும் பெண்பூக்களையெல்லாம் பறித்துவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் பத்துக் காய் பச்சையாகப் போவதைவிட மூன்று காய் முற்றுவது மேல். சுக்கினிக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அது விதைத்த ஐம்பது அறுபது நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.

விதைப் பொட்டலத்தில் 100 நாள் என்று போட்டிருந்தால் அது சூடான கோடையின் 100 நாள். நான் இரண்டு வாரம் கூட்டிக்கொள்வேன். அப்படிக் கூட்டியபின் உங்கள் பருவத்துக்குள் அடங்காத ரகத்தை விட்டுவிடுங்கள். பட்டர்நட்தான் பெரும்பாலும் அடிபடும். அதற்கு வெப்பமும் வேண்டும், நாளும் வேண்டும். ஏகார்னும் ரெட் கூரி என்ற ரகமும் சீக்கிரம் முற்றும். பட்டர்கப், கடும் குளிருக்குப் பேர்போன வட டகோட்டாவின் வேளாண் கல்லூரியில் உருவானது. அதன் பிறப்பிடமே ஒரு சிபாரிசு.

சரி, இப்போது தோட்டத்தில் இருப்பதற்கு என்ன செய்வது? பூவில் மாட்டிய தேதிச்சீட்டைப் பாருங்கள். 50 நாள் ஆகியிருந்தால் கட்டைவிரல் நகத்தால் தோலை அழுத்துங்கள். நகம் இறங்கவில்லை, காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகியிருக்கிறது என்றால் முற்றிவிட்டது, பறிக்கலாம். 40 நாள்தான் என்றால் இரவுகளில் பழைய போர்வையை மேலே போட்டு, காலையில் எடுத்து, ஒரு வாரம் இழுக்கப் பாருங்கள். முதல் லேசான உறைபனிக்கு இலைகள் கருகினாலும் இலையின் அடியில் இருந்த காய் பிழைத்திருக்கலாம். அன்றே பறித்துவிடுங்கள். இலைக்குடை போனபின் இரண்டாவது உறைபனி நேராகக் காயில் விழும், அப்படிப் பட்ட காய் நாள் தாங்காது. 10 டிகிரிக்குக் கீழான குளிரில் வாரக்கணக்கில் கிடந்த காயும் அப்படியே.

நகம் எளிதாக இறங்கும் இளங்காயை முற்றவைக்கப் பாடுபடாதீர்கள். சுக்கினி மாதிரி இந்த வாரமே சமைத்துவிடலாம். பட்டர்கப் சாதியில் ஓரளவு முற்றியது அறையில் வைத்தபின் இன்னும் இனிக்கும். பறித்த அன்றே வெட்டினால் சப்பென்று இருக்கும், ஒரு மாதம் பொறுங்கள்.

பறிக்கும்போது 5 செ.மீ. காம்பை விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்தால் அந்தக் காயம் வழியாகத்தான் அழுகல் நுழையும். பிறகு பத்து நாள், 25 முதல் 29 டிகிரிச் சூட்டில், காற்றோட்டமாகத் தோலைப் பதப்படுத்த வேண்டும். சூடான ஊரில் வயலிலேயே கிடக்கவிடுவார்கள். நமக்கு அந்த வெயில் ஏது? ஹீட்டர் அருகிலோ, கண்ணாடி ஜன்னலடியிலோ, பசுமைக்குடிலிலோ வையுங்கள். ஏகார்னுக்கு மட்டும் இது வேண்டாம், அதன் தரம்தான் குறையும்.

அதற்கப்புறம் 10 முதல் 13 டிகிரி இருக்கும் உலர்ந்த அறை. குளிர்சாதனப் பெட்டி கூடாது. ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் தூக்கி அடியைப் பாருங்கள். மெத்தென்ற புள்ளி தெரிவது எதுவோ, அன்றைய சமையலுக்கு அது.